விளக்கு எரிகிறது, படம் வரவில்லை: பூஸ்டர் வாங்க வேண்டுமா?

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் என் அம்மாவிடம் இருப்பது பழைய, முதுகு பெருத்த டிவி. டிஜிட்டல் ஒளிபரப்பைப் பழைய டிவியில் பார்க்க அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மைடிவி டிகோடர் பெட்டியில் விளக்கு எரிகிறது. திரையிலோ புள்ளி புள்ளியாக ஒரே இரைச்சல். ஏரியலுக்கு, சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் போட்டால் சரியாகிவிடும், 180 வெள்ளி என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் டிகோடரின் ரிமோட்டில் மெனுவை அழுத்திப் பாருங்கள்.

சிக்னலே இல்லாவிட்டாலும் டிகோடர் ஒரு சுத்தமான திரையைக் காட்டி, அதில் சிக்னல் இல்லை என்று எழுதும். புள்ளியும் இரைச்சலும் டிவி தானாகக் காட்டுவது. அது இன்னும் பழைய அனலாக் ஒளிபரப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் 2019-இல் நிறுத்திவிட்டார்களே! மெனு வரவில்லையென்றால் டிகோடரின் படம் டிவிக்குள் போகவே இல்லை. அப்போது பத்து பூஸ்டர் போட்டாலும் பணம்தான் போகும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். டிகோடரின் பின்னால் ஏரியலுக்கு இரண்டு துளைகள் இருக்கும், ஒன்றில் உள்ளே (IN), மற்றதில் வெளியே (OUT) என்றிருக்கும். வெளியே என்றிருப்பதிலிருந்து டிவியின் ஏரியல் துளைக்கு வயர் இழுத்துவிடுவார்கள். அந்தத் துளையில் டிகோடரின் படம் வராது. கூரையிலிருந்து வந்த சிக்னலையே அப்படியே கடத்திவிடும், அவ்வளவுதான். படம் போக வேண்டியது மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள வயரில். டிவியில் சிவப்புக்குத் துளை இல்லையென்றால் சும்மா விடுங்கள். பிறகு டிவியை, அந்த வயரில் வரும் படத்தைக் காட்டும் ஏவிக்கு (AV) மாற்றுங்கள். டிவி ரிமோட் தொலைந்திருந்தால் சேனல் 1-க்கு வந்து, டிவியிலேயே உள்ள இறங்கு பொத்தானை இன்னொரு முறை தட்டுங்கள். பல பழைய டிவிகளில் ஏவி அங்கேதான் இருக்கும்.

வயரின் மறுமுனை ஹெட்ஃபோன் முனை மாதிரி இருந்தால் இன்னொரு வம்பு. இந்த வயர்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இணைப்பு மாறியிருக்கலாம். மஞ்சளில் படம் வராமல் உறுமல் மட்டும் கேட்டால் சிவப்பு முனையை மஞ்சள் துளையில் செருகிப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் டிகோடர் மெனுவில் டிவி முறையை என்டிஎஸ்சியிலிருந்து (NTSC) பால் (PAL) என்று மாற்றுங்கள்.

ஏவி துளையே இல்லாத டிவியும் உண்டு. அதற்கு, டிகோடரின் படத்தை டிவியின் ஏரியல் துளை வழியாக அனுப்பும் மாடுலேட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். கடையில் கேட்கும்போது நம் நாட்டு முறையான 'பால் பி/ஜி' (PAL B/G) என்று அழுத்திச் சொல்லுங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல வேறு நாட்டு முறைக்குச் செய்தவை. படம் அழகாக வரும், ஒலி வராது. நம் டிவி ஒலியை 5.5 மெகாஹெர்ட்ஸில் தேடும், அது 6.5-இல் அனுப்பும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று சொல்லி அதற்கும் ஒருவர் காசு வாங்குவார். வாங்கும் முன் கடையிலேயே ஓட்டி, ஒலி கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மெனு வந்தும் சேனல் வரவில்லையென்றால்தான் ஏரியலைப் பார்க்க வேண்டும். யுஎச்எஃப் (UHF) ஏரியல் போதும். ஆஸ்ட்ரோவின் செயற்கைக்கோள் தட்டு உதவாது. உங்கள் பக்கம் சிக்னல் குனோங் ஜெராய் மலையிலிருந்தும் வரும், பினாங்குத் தீவின் புக்கிட் பெனாரா குன்றிலிருந்தும் வரும். பக்கத்து வீட்டு ஏரியல் எந்தத் திசையில் நிற்கிறதோ அப்படியே வைத்து, ஆட்டோ ஸ்கேன் கொடுங்கள்.

வீடு தேடி வந்து டிகோடருக்கு 'ஆண்டுப் பதிவு' என்று காசு கேட்பவர்களை வாசலோடு அனுப்புங்கள். மைடிவிக்கு மாதக் கட்டணமும் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை. புது டிகோடர் வாங்க நேர்ந்தால் டிவிபி-டி2 (DVB-T2) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எஸ்2 (S2) என்று மட்டும் இருந்தால் அது தட்டுக்கானது, வேண்டாம்.

இதையெல்லாம் பெட்டியைக் கொடுத்தபோதே சொல்லியிருக்க வேண்டும். பிரிம் என்ற அரசாங்க ரொக்க உதவி பெற்ற வீடுகளுக்குப் பெட்டியைக் கொடுத்தார்கள், சரி. நான் பார்த்த கையேடுகளில் தமிழில் ஒரு வரி இல்லை. எழுபது வயது அம்மா எந்தத் துளையில் எதைச் செருகுவார்? கடைக்காரரிடம்தான் போவார், அவரும் பூஸ்டர்தான் விற்பார்.

ஸ்கேன் முடிந்ததும் 102-ஐத் தட்டுங்கள். அது டிவி2, தமிழ்ச் செய்தி அதில்தான் வரும்.