ஸ்டாண்ட்பையில் நின்ற வெப்பப் பரிமாற்றி ஏன் பீச்சியடித்தது?

கேள்வி: எங்கள் ஆலையில் 140 டிகிரி செல்சியஸ் எண்ணெயைக் குளிர்நீரால் ஆற்ற, ஷெல் அண்டு டியூப் வகை (பெரிய உருளை ஓட்டுக்குள் சிறு குழாய்கள் நிறைந்த) வெப்பப் பரிமாற்றிகள் இரண்டு உள்ளன. ஒன்று ஓடும், மற்றொன்று ஸ்டாண்ட்பையில், அதாவது மாற்றாகத் தயார் நிலையில், நிற்கும். நீர் டியூபுக்குள்ளும் எண்ணெய் ஷெல்லிலும் செல்கின்றன. சென்ற முறை மாற்றியபோது, ஸ்டாண்ட்பை கருவியைச் சூடேற்ற எண்ணெய் வால்வைச் சற்றுத் திறந்து வைத்தோம். நீர்ப்பக்க வால்வுகள் இரண்டும் மூடியே இருந்தன. சில நிமிடங்களில் நீர்ப்பக்கத் தலைமூடியின் ஃபிளேஞ்சிலிருந்து (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) நீர் பீச்சியடித்தது. போல்ட்டுகளை முறுக்கியதும் நின்றுவிட்டது. "கேஸ்கட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் வளையம்) பழையது" என்கிறார் ஷிஃப்ட் பொறுப்பாளர். எதை முதலில் திறப்பது சரி? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: கேஸ்கட் பழையதாகவே இருக்கட்டும். அதன்மேல் பழி போடுவதற்கு முன் அதற்கு நன்றி சொல்லிவிடுங்கள். அன்று அது விட்டுக்கொடுத்திராவிட்டால் வேறு ஏதாவது விட்டுக்கொடுத்திருக்கும்.

நடந்தது இதுதான். இரண்டு வால்வுகளுக்கு இடையே நீர் அடைபட்டுக் கிடந்தது. டியூபின் மறுபுறத்தில் நீங்கள் சூட்டைக் கொடுத்தீர்கள். நீர் விரிய முயன்றது, போவதற்கு வழி இல்லை. 30 டிகிரியை ஒட்டிய நீர் முழுவதும் நிரம்பி, சற்றும் நெகிழாத ஒரு கலத்தில் அடைபட்டிருந்தால், வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அழுத்தம் ஏறக்குறைய 6 முதல் 7 பார் வரை ஏறும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்). 50 டிகிரிக்கு மேல் இது 10 பாரையும் தாண்டும். உருக்கு சற்று விரிந்து கொடுக்கும், எங்காவது காற்றுக்குமிழி மிச்சமிருக்கும், வால்வு சிறிது கசியும் என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பத்து டிகிரி ஏற்றம் போதும், குளிர்நீர்ப் பக்கத்தின் வடிவமைப்பு அழுத்தம் பின்னால் போய்விடும். உங்கள் எண்ணெயோ நீரைவிட நூறு டிகிரிக்கும் மேல் சூடானது.

போல்ட்டை முறுக்கியதால் கசிவு நின்றது என்பதையும் நான் அவ்வளவாக நம்பவில்லை. நீர் வெளியேறியதால் அழுத்தம் இறங்கியது, அதனால் நின்றிருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதே அமைப்பு, இதே பிழை, ஆனால் உள்ளே இருந்தது நீர் அல்ல: 2013 ஜூன் 13 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கைஸ்மர் என்ற இடத்தில் உள்ள வில்லியம்ஸ் ஓலிஃபின் (எத்திலீன், புரொப்பிலீன்) ஆலையில் நடந்ததை உங்கள் ஷிஃப்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். அங்கே வடிகோபுரம் ஒன்றுக்கு இரண்டு ரீபாய்லர்கள் (கோபுரத்தின் அடித்திரவத்தைச் சூடேற்றும் வெப்பப் பரிமாற்றிகள்). முதலில் இரண்டும் சேர்ந்தே ஓடின. பிறகு, ஒன்றை நிறுத்திச் சுத்தம் செய்ய வசதியாக இருக்கட்டும் என்று வால்வுகள் பொருத்தப்பட்டன. பாதுகாப்பு வால்வு இருந்தது கோபுரத்தின் உச்சியில். புதிய வால்வுகளை மூடியதும் ஸ்டாண்ட்பை ரீபாய்லருக்கும் அந்தப் பாதுகாப்பு வால்வுக்கும் இடையிலான வழி அறுந்துபோனது. ஒரு வருடத்துக்கு மேல் சும்மா நின்ற அந்தக் கருவிக்குள், கசிந்தோ தவறுதலாகத் திறக்கப்பட்டோ இருந்த ஒரு வால்வு வழியாக, புரொப்பேன் திரவம் சேர்ந்திருந்தது. அன்று சூடான நீரின் வால்வு திறக்கப்பட்டது. சுமார் மூன்று நிமிடங்களில் ஷெல் வெடித்தது. இருவர் இறந்தார்கள், காயமடைந்ததாகப் பதிவானவர்கள் 167 பேர்.

ஓடிக்கொண்டிருக்கும் வெப்பப் பரிமாற்றி பெரும்பாலும் சாதுவான கருவி. இரு பக்கமும் ஓட்டம் இருக்கும்வரை சூடு எங்காவது போய்க்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் சூடு தொடரும் அந்த இடைவேளைதான் கவலைக்குரியது. தொடங்கும்போது, நிறுத்தும்போது, மாற்றும்போது, சுத்தம் செய்யும்போது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: நீர்தான் முதலில், எண்ணெய் பிறகு. நிறுத்தும்போது எண்ணெய் முதலில், நீர் கடைசியில். ஆனால் வரிசையை மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடாமல் ஒவ்வொரு படியிலும் என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தலைப்பகுதியின் உச்சியில் உள்ள வென்ட்டை (காற்றுப்போக்கி) திறந்துவிட்டு, நீர் உள்வரும் வால்வைக் கொஞ்சமாகத் திறங்கள். வென்ட்டில் முதலில் காற்று, பிறகு துப்பித் துப்பி நீரும் காற்றும், கடைசியில் ஒரே சீரான நீர் வரும். அதுவரை பொறுமை வேண்டும். மேலே தங்கிவிடும் காற்று, அங்குள்ள டியூப்களை வறளவிடும். துருப்பிடிக்காத எஃகு டியூப் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: அந்தக் காற்றுப்பையின் ஓரத்தில் நீர் ஆவியாகிக் குளோரைடு செறிந்துகொண்டே போகும். 60 டிகிரிக்கு மேல் 304, 316 வகை எஃகுகளில் அது விரிசலை உண்டாக்கக்கூடியது. வென்ட்டை மூடி, வெளியேறும் வால்வை முழுவதும் திறந்து, பிறகு உள்வரும் வால்வையும் முழுவதும் திறங்கள். ஓட்டம் இருக்கிறது என்பதை மீட்டரிலோ வெளியேறும் குழாயின் வெப்பநிலையிலோ உறுதிசெய்த பிறகே எண்ணெய்ப் பக்கம் போக வேண்டும். வால்வின் கைச்சக்கரம் சுழன்றது என்பது ஓட்டம் இருப்பதற்குச் சான்று ஆகாது.

எண்ணெயை விடுவதற்கு முன் ஷெல்லின் அடிப்பக்க டிரெயினை (வடிகால் வால்வு) திறந்து பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நான் அதிகம் அஞ்சுவதும் இதற்குத்தான். ஸ்டாண்ட்பையில் நிற்கும்போது எண்ணெய்ப் பக்கத்தில் அழுத்தம் இறங்கிவிடும். ஏதாவது ஒரு டியூபில் ஊசித்துளை இருந்தால் அப்போது நீர் எண்ணெய்ப் பக்கம் புகுந்து அடியில் தேங்கும். அதன்மேல் 140 டிகிரி எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் வளிமண்டல அழுத்தத்தில் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடம் கேட்கும். டிரெயினில் நீர் வந்தால் தொடக்கத்தை அங்கேயே நிறுத்திவிட்டு டியூப்களைச் சோதியுங்கள்.

எண்ணெயை மெதுவாக விடுங்கள். எவ்வளவு மெதுவாக என்பதைக் கருவியைச் செய்தவர் தந்த ஆவணம் சொல்லும். ஏன் மெதுவாக என்பதை மட்டும் நான் சொல்கிறேன். 6 மீட்டர் நீளமுள்ள கார்பன் எஃகு, 100 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். டியூப் ஷீட் (டியூப் முனைகளைத் தாங்கும் தகடு) இருபுறமும் ஷெல்லோடு பற்றவைக்கப்பட்ட வகை என்றால், ஷெல் நீளும் அளவுக்கு டியூப் நீளாதபோது அந்த வேறுபாடு முழுவதும் டியூப் முனை இணைப்புகளில் இழுவிசையாக இறங்கும். மிதக்கும் தலையோ யூ வடிவ டியூபோ இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் ஃபிளேஞ்ச் சூடேறும் வேகத்துக்குப் போல்ட் சூடேறாது என்பது எல்லா வகைக்கும் பொதுவானது.

நிறுத்தும்போது எண்ணெயை மற்றக் கருவிக்குத் திருப்பி, இந்தக் கருவியின் எண்ணெய் வால்வுகளை மூடிய பிறகும், கருவி ஆறும்வரை நீர் ஓடட்டும். பிறகு நீரை மூடியதும் அதை வடித்துவிட்டு வென்ட்டைத் திறந்தே வையுங்கள். "மூடிய" எண்ணெய் வால்வு உண்மையில் மூடியிருக்கும் என்று எண்ணாதீர்கள். சில வருடங்கள் ஓடிய வால்வு சிறிதாவது கடத்தும், அந்தச் சிறிதே நிரம்பிய நீர்ப்பக்கத்தைச் சூடேற்றப் போதும். வடித்து வைப்பதில் இன்னொரு லாபம், தேங்கிய நீர் படிவுக்கடியில் அரிக்கும் வேலையும் நின்றுவிடும்.

வடித்து வைக்க முடியாத நிலை என்றால், பரிமாற்றிக்கும் அதன் நீர்ப்பக்க வால்வுகளுக்கும் இடையே வெப்ப விரிவுக்கான சிறிய ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் வால்வு) ஒன்று இருக்க வேண்டும். வால்வுக்கு அப்பால் இருந்தால் பயனில்லை, கைஸ்மர் அதைத்தான் காட்டியது. அது 6 பார் கேஜில் (வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 6 பார்) திறப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அழுத்தத்தில் நீர் கொதிப்பது 165 டிகிரியில். உங்கள் 140 டிகிரி எண்ணெயால் அதைக் கொதிக்கவைக்க முடியாது, விரிவை வெளியேற்றினால் போதும், சிறிய வால்வு போதுமானது. ஆனால் எண்ணெய் 180 டிகிரிக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது ஆவி உருவாகும் வேகத்துக்கு ஏற்ற பெரிய வால்வு வேண்டும். இதை உங்கள் வடிவமைப்புப் பொறியாளரிடம் எழுத்திலேயே கேளுங்கள்.

"குளிர்ந்தது முதலில்" என்ற விதிக்கு ஓர் எச்சரிக்கை. அது உங்களைப் போல எண்ணெயை நீரால் ஆற்றும் சாதாரண நிலைக்குப் பொருந்தும். உறைநிலைக்கு மிகக் கீழே ஓடும் கருவிகளில், கடுங்குளிர்த் திரவத்தைத்தான் மெதுவாகவும் கடைசியாகவும் விட வேண்டியிருக்கும். 1998 செப்டம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு எரிவாயு ஆலையில் சூடான எண்ணெய் ஓட்டம் நின்றுபோய், ஒரு வெப்பப் பரிமாற்றி மைனஸ் 48 டிகிரி அளவுக்கு உறைந்தது. எஃகு அந்தக் குளிரில் கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. அதற்குள் சூடான எண்ணெயை மீண்டும் விட்டபோது கருவி பிளந்தது. இருவர் இறந்தனர், எட்டுப் பேர் காயமடைந்தனர், விக்டோரியா மாநிலம் முழுவதும் இரண்டு வாரம் எரிவாயு இல்லாமல் தவித்தது. ஓட்டம் நின்று கருவி எதிர்பாராத வெப்பநிலைக்குப் போய்விட்டால், "பழையபடி ஓடவிடலாம்" என்பது அவசர முடிவு.

அடிக்கடி அடைப்பு வருவதால்தான் இப்படி மாற்ற வேண்டியிருக்கிறதோ என்று தோன்றுகிறது. எண்ணெய் அதிகமாக ஆறிவிடுகிறது என்று நீரைக் குறைத்து ஓட்டுகிறீர்களா? டியூபுக்குள் நீரின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் கீழே இறங்கினால் சேறு படியும். வெளியேறும் நீர் 50 டிகிரியைத் தாண்டினால் கால்சியம் கார்பனேட் படியும். அது சூடு ஏற ஏறக் கரைதிறன் குறையும் உப்பு. எண்ணெயின் வெப்பநிலையை எண்ணெய்ப் பக்க பைபாஸால் (பரிமாற்றிக்குள் போகாமல் சுற்றிச் செல்லும் வழி) கட்டுப்படுத்துங்கள். நீரைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் வெளியேறும் வால்வில் குறையுங்கள், கருவி நிரம்பியே இருக்கும்.

டியூப் கசிவைப் பற்றி ஒரு கணக்கு. உங்கள் எண்ணெய்ப் பக்க வடிவமைப்பு அழுத்தம் 10 பார், நீர்ப்பக்கம் 6 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப்பக்கத்தின் நீரழுத்தச் சோதனை 1.3 மடங்கு, அதாவது 7.8 பார். ஒரு டியூப் முழுவதுமாக அறுந்தால் 10 பார் எண்ணெய் 7.8 பார் வரை மட்டுமே சோதிக்கப்பட்ட பக்கத்துக்குள் பாயும். சோதனை அழுத்தம் மறுபக்க வடிவமைப்பு அழுத்தத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் தனி ரிலீஃப் ஏற்பாடு தேவையில்லை என்பது துறையில் ஏற்கப்பட்ட அளவுகோல். நீர்ப்பக்கம் என்றால் பரிமாற்றியோடு முடிந்துவிடாது, அதோடு சேர்ந்த குழாய்களும் கணக்கில் வரும். சிறு கசிவைக் கண்டுபிடிக்கக் கூலிங் டவர் (சூடேறிய குளிர்நீரை மீண்டும் ஆற்றும் கோபுரம்) போதும்: தொட்டியில் எண்ணெய்ப் படலம், வழக்கத்துக்கு மேல் குளோரின் செலவு, திடீரென்று பாசி.

இனி அந்த ஃபிளேஞ்ச். பீச்சும்போது அருகில் நின்று போல்ட்டை முறுக்குவதைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். ஒருபக்கமாக முறுக்கினால் கேஸ்கட் அந்தப் பக்கம் நசுங்கி மறுபக்கம் திறக்கும். அதற்கும் மேலே, எந்த அழுத்தத்தின் எதிரில் நிற்கிறோம் என்றே அப்போது தெரியாது. "தொடங்கும்போது கொஞ்சம் கசியும், சூடேறினால் சரியாகிவிடும்" என்ற பேச்சை நானும் இளம் வயதில் பல ஷிஃப்டுகளில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். 2010 ஏப்ரல் 2 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் அனகோர்ட்டஸில் உள்ள டெசோரோ சுத்திகரிப்பு ஆலையில், சுத்தம் செய்த பரிமாற்றிகளை மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்தில் கசிவது அங்கே வாடிக்கையாகிவிட்டிருந்தது, உதவிக்குக் கூடுதல் ஆட்கள் அருகில் நின்றார்கள். அப்போது ஓடிக்கொண்டிருந்த பக்கத்துப் பரிமாற்றி ஒன்று வெடித்தது. ஹைட்ரஜன் அதன் எஃகை வருடக்கணக்கில் உள்ளிருந்து அரித்திருந்தது. ஏழு பேர் இறந்தார்கள். வெடிப்புக்குக் கசிவு காரணமல்ல. அத்தனை பேர் அங்கே நின்றதற்குக் காரணம் கசிவு.

சுத்தம் செய்யும் நாளுக்கும் இதே எச்சரிக்கை. நீராவியால் ஒரு பக்கத்தைக் கழுவினால் மறுபக்கம் வடிந்து, வென்ட் திறந்திருக்க வேண்டும். 2008 ஜூனில் ஹூஸ்டன் குட்இயர் ஆலையில் ஷெல்லில் அம்மோனியா இருக்க, ரிலீஃப் வால்வுக்குப் போகும் வழி பராமரிப்புக்காக மூடப்பட்டது. வேலை முடிந்த பிறகும் அது திறக்கப்படவில்லை. மறுநாள் காலை குழாயை நீராவியால் கழுவத் தொடங்கினார்கள். கருவி வெடித்து ஒருவர் இறந்தார். மனிதர் உள்ளே கை வைக்கும் வேலை என்றால் வால்வை நம்பாமல் பிளைண்ட் (குழாயை முழுதும் அடைக்கும் தகடு) போட்டு, பூட்டி, சீட்டு கட்டி, வடித்து, வாயுச் சோதனை செய்த பிறகே பர்மிட்.

அன்று பீச்சியடித்த கருவியை இப்போதைக்கு ஓட்டாதீர்கள். நீர்ப்பக்கம் எவ்வளவு அழுத்தத்தைப் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. தலைமூடியைக் கழற்றி, உள்ளே நீரோட்டத்தைப் பிரிக்கும் தடுப்புத் தகடு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீட்சியடைந்த போல்ட்டுகளை மாற்றுங்கள். மூடி கழன்றிருக்கும்போதே ஷெல்லில் நீரழுத்தச் சோதனை செய்தால், கசியும் டியூப் முனைகள் கண்ணுக்கு நேராகத் தெரியும். புதிய கேஸ்கட் போட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக முறுக்கிய பிறகு நீர்ப்பக்கத்தையும் சோதியுங்கள். அதற்குள் ஆலையின் குழாய் வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு பரிமாற்றியின் இரு பக்கத்திலிருந்தும் அதன் ரிலீஃப் வால்வு வரை பென்சிலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு எந்தெந்த வால்வைக் கடக்கிறதோ அதையெல்லாம் திறந்த நிலையில் பூட்டி வைக்க வேண்டும். ரிலீஃப் வால்வே இல்லாமல் கோடு முடிந்துவிடுகிறதென்றால், அந்தப் பரிமாற்றியின் எண்ணைக் குறித்துக்கொண்டு நாளைக் காலைக் கூட்டத்துக்குப் போங்கள்.