மார்கழிப் பனியில் கொங்கிறீட் கூரைக்கு எந்தப் பூச்சு?

யாழ்ப்பாணத்தில் மழை விட்ட கையோடு, மார்கழி தையில் கூரை ஒழுக்குக்குப் பூச்சு பூசலாமா, எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் பூசலாம். அக்ரிலிக் பூச்சுகளுக்குப் பொதுவாக 10 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் போதும். நமது இரவுகள் 20க்குக் கீழே இறங்குவதே அரிது. கெடுப்பது பனிதான். அக்ரிலிக்கில் உள்ள தண்ணீர் ஆவியாகிப் போனால்தான் அது இறுகும். எங்கள் வீட்டில் ஒருமுறை பின்நேரம் நாலு மணிக்குப் பூசினோம். விடியத் தொட்டால் விரலில் பால் மாதிரி ஒட்டியது. முழுவதையும் சுரண்ட வேண்டியதாயிற்று. ஆகவே காலையில் பனி காய்ந்தபின் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

சிலிக்கோன் காற்றின் ஈரத்தை எடுத்தே இறுகும், அதனால் இந்தக் காலத்துக்கு நான் அதையே சொல்வேன். விலை கூட. அப்புறம், அதன்மேல் வேறு வகைப் பூச்சு ஒட்டாது.

எதுவானாலும் கொங்கிறீட் காய்ந்திருக்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை விரித்து, நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி நின்றால் இன்னும் சில நாள் வெயில் காயவிட்டு, மறுபடி பாருங்கள்.