டெபியன் 10இலிருந்து 13க்கு ஒரே தாவலா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலக சர்வரில் டெபியன் 10 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. எல்லாக் கணினிகளுக்கும் ஐபி முகவரி கொடுப்பதும், சாம்பா என்ற மென்பொருள் வழியாகக் கணக்கு ஃபைல்களைப் பகிர்வதும் அதுதான். அமைத்துக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். நேராக 13க்கு மாற்றலாமா? ஒரு ஞாயிறு போதுமா?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாவ முடியாதுங்க. 11, 12, அப்புறம்தான் 13. டெபியன் 10 வந்தது 2019இல். அதன் மென்பொருள் தொகுப்புகள் இப்போது பழைய ஆவணக் கிடங்கில்தான் கிடக்கின்றன. 11இல் பாதுகாப்புப் புதுப்பிப்புக்கான வரியை எழுதும் முறை மாறியது. 12இல் ஃபர்ம்வேருக்கு, அதாவது வன்பொருள்களுக்கான உள்மென்பொருளுக்கு, தனிப் பிரிவு வந்தது. ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒன்று காலை வாரும்.

நானாக இருந்தால் இப்படிப் படிப்படியாக ஏற்றவே மாட்டேன். புது எஸ்எஸ்டி வாங்கி 13ஐப் புதிதாக நிறுவுவேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் பூட்டிவிடுங்கள். சொதப்பினால் அதையே மறுபடி மாட்டிக்கொள்ளலாம். பிராசசரே 32 பிட் என்றால் பேச்சே இல்லை, 13இல் அதற்குக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது.

கழற்றும் முன், அமைப்புக் கோப்புகள் இருக்கும் 'இடிசி' (/etc) ஃபோல்டர் முழுவதையும் நகலெடுங்கள். பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். சாம்பா கடவுச்சொற்கள் அங்கே இல்லை. 'வார்', அதற்குள் 'லிப்', அதற்குள் 'சாம்பா', அதற்குள் 'பிரைவேட்' என்று உள்ளே இருக்கின்றன. அதையும் எடுங்கள். பயனர்களின் யுஐடி எண்களை (ஒவ்வொருவரையும் சர்வர் அடையாளம் காணும் எண்) குறித்துக்கொண்டு புதிதிலும் அதே எண்களைக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஃபைல் இன்னொருவர் பெயரில் போய் நிற்கும்.

ஐபி கொடுக்கும் பழைய ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வரின் பராமரிப்பை அதைச் செய்தவர்களே 2022இல் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கைகாட்டுவது கீ என்ற மென்பொருளை. உங்கள் அளவு அலுவலகத்துக்கு டிஎன்எஸ்மாஸ்க் தாராளம், பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பழைய கோப்பில் பிரிண்டருக்கென்று நிலையான ஐபி எழுதிய வரிகள் இருக்கும், தேடி எடுத்துப் போடுங்கள். முத்தியால்பேட்டையில் ஓர் அச்சகத்தில் அந்த ஒரு வரி விட்டுப்போய், கோளாறு பிரிண்டரில்தான் என்று மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்கள்.

இன்னொன்று, நெட்வொர்க் கார்டின் பெயர். புது நிறுவலில் அது மாறி வரலாம். பழைய அமைப்பை அப்படியே ஒட்டினால், இல்லாத கார்டைத் தேடிக்கொண்டு சர்வீஸ் கிளம்பாமல் நிற்கும். அதனால் வீட்டிலிருந்து நெட்வொர்க் வழியே, எஸ்எஸ்எச்சில் நுழைந்து செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். சர்வருக்கு மானிட்டரும் கீபோர்டும் மாட்டி எதிரே உட்காருங்கள். இடையில் நெட் வேண்டுமென்றால் ரவுட்டரில் டிஎச்சிபியை ஆன் செய்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். ரவுட்டர், சர்வர் இரண்டும் சேர்ந்து ஐபி கொடுத்தால் திங்கட்கிழமை ஆளாளுக்கு ஒரு புகார் வரும்.

ஞாயிறு ஒருநாள் போதும். ஆனால் வரித் தணிக்கை நெருக்கும் செப்டம்பர் ஞாயிறு வேண்டாம். ஐப்பசி அடைமழையும் வேண்டாம். கடலூர் கரண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஞாயிறானாலும் யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று சனிக்கிழமையே பார்த்துவிடுங்கள்.