'டில்' (till) அல்ல, 'பை' (by)

வாங்குபவருக்கு ஆங்கிலத்தில் "ஐ வில் செண்ட் த மேட் பை ஃபிரைடே" என்று எழுதுங்கள். பத்தமடைப் பாயை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதாகச் சொல்ல வந்து 'டில் ஃபிரைடே' என்று எழுதிவிட்டீர்கள், வாங்குபவர் குழம்பியது அதனால்தான். 'டில்' போட்டால் வெள்ளி வரை தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்று ஆகிவிடும்.

"வெள்ளி வரைக்கும் டைம் கொடுங்க" என்று பேசிப் பழகியதால் இது வந்திருக்கலாம். அந்த 'வரைக்கும்' அப்படியே 'டில்' ஆகிவிடுகிறது.

எழுதும் முன் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 'க்குள்' பொருந்தினால் 'பை', 'வரை' பொருந்தினால் 'டில்'. நெல்லை ஜங்ஷனில் 5 மணி வரை நிற்பேன்: டில். 5 மணிக்குள் அம்பாசமுத்திரம் வந்துவிடுவேன்: பை. இந்த வேறுபாடு நம் தமிழிலேயே அவ்வளவு தெளிவாக இருக்கிறது, அதை நம்பலாம்.

'மாட்டேன்' வரும்போது மட்டும் கவனம். "ஐ வோண்ட் செண்ட் இட் டில் ஃபிரைடே" சரியான வாக்கியம்தான், ஆனால் வெள்ளிக்கு முன்னால் அனுப்ப மாட்டேன் என்று பொருள். அப்புறம், இப்படிச் சொல்லிப் பார்ப்பது நேரத்தைக் குறிக்கும்போது மட்டும்தான் உதவும். 'வோவன் பை ஹேண்ட்' என்றால் கையால் நெய்தது, 'பை த ரிவர்' என்றால் ஆற்றோரம். அங்கே 'க்குள்' தேடாதீர்கள்.