பின்தொடர்ந்து தொல்லை தருபவரின் ஆபத்தை மதிப்பிடுதல்: கேள்விகளும் பதில்களும்

குற்றவியல் உளவியலாளராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் நான், பின்தொடர்தலுக்கு ஆளானவர்களையும் அதே குற்றச்சாட்டில் சிக்கியவர்களையும் மதிப்பீடு செய்து வருகிறேன். அது தொடர்பாக வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி (மனிதவள அலுவலர், கோவை): மேடம், எங்கள் ஊழியர் ஒருவரை முன்னாள் சக ஊழியர் விடாமல் பின்தொடர்கிறார். அவர் ஆபத்தானவரா என்று ஒரு பரிசோதனை வைத்துச் சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியாது. ஆபத்து என்பது ரத்த வகையைப் போல ஒருவரிடம் மாறாமல் இருக்கும் தன்மை அன்று. காய்ச்சலைப் போல ஏறி இறங்குவது. நேற்றுவரை குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவர், வேலை போன வாரத்திலோ தான் பின்தொடரும் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடந்த செய்தி கிடைத்த மறுநாளிலோ வேறு மனிதராக மாறிவிடக்கூடும். ஆகவே நாங்கள் மதிப்பெண் போட்டு முடிவு சொல்வதில்லை. ஆய்வுகளில் தேறிய காரணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இந்த வழக்கில் எது பொருந்துகிறது, எதனால் பொருந்துகிறது என்று எடை போடுகிறோம்.

இதற்கென்றே உருவான கருவிகளில் இரண்டு முக்கியமானவை. கனடாவைச் சேர்ந்தவர்கள் 2008இல் வெளியிட்ட ‘சாம்’ என்ற வழிகாட்டியில் 30 காரணிகள் உள்ளன: தொல்லையின் தன்மை பற்றிப் பத்து, தொல்லை தருபவர் பற்றிப் பத்து, பாதிக்கப்பட்டவரின் சூழல் பற்றிப் பத்து. மூன்றாவது பத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. தனியாக வசிக்கிறாரா, தெளிவாக மறுக்க முடியாத நிலையில் இருக்கிறாரா, துணைக்கு ஆள் உண்டா என்பதெல்லாம் ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆஸ்திரேலியாவில் 2009இல் வந்த ‘ஸ்டாக்கிங் ரிஸ்க் புரொஃபைல்’ வேறொரு கேள்வியை முன்வைக்கிறது: எந்த ஆபத்தைக் கேட்கிறீர்கள்? வன்முறை நடக்குமா, இந்தத் தொல்லை இப்படியே நீடிக்குமா, நின்றபின் மறுபடி தொடங்குமா, தொல்லை தருபவரின் சொந்த வாழ்க்கையே சிதைந்துபோகுமா என்ற நான்கும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கு ‘குறைவு’ என்று பதில் வந்தாலும் இன்னொன்றுக்கு ‘மிக அதிகம்’ என்று வரலாம். உங்கள் ஊழியரின் விஷயத்தில் அடி விழுமா என்பதை மட்டும் கேட்டுவிட்டு, அவர் இரண்டு ஆண்டுகள் தூக்கமில்லாமல் வேலைக்கு வருவதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (பத்திரிகையாளர், சென்னை): ‘ஒருதலைக் காதல்’ என்று நாங்கள் எழுதுவது தவறா?

பதில்: அந்தச் சொல் என்னைப் பல ஆண்டுகளாக வருத்திவருகிறது. 1999இல் மனநல மருத்துவர் பால் மல்லனும் அவருடைய குழுவினரும் தாங்கள் பார்த்த 145 பேரை வைத்து ஐந்து வகைகளைக் காட்டினார்கள். உறவு முறிந்ததை ஏற்க மறுப்பவர், தனக்கு அநீதி நடந்ததாக எண்ணிப் பழிவாங்க அலைபவர், நெருக்கத்தைத் தேடுபவர், பழகத் தெரியாமல் நச்சரிப்பவர், தாக்குவதற்கென்றே திட்டமிட்டு நோட்டமிடுபவர் என்பன அவை. நம் செய்திகளில் இந்த ஐவரில் பெரும்பாலோர் ‘காதலர்’ ஆகிவிடுகிறார்கள்.

வகை தெரிந்தால்தான் வழி தெரியும். அந்தப் பெண் தன்னை உள்ளூர நேசிப்பதாக அசைக்க முடியாத மனப்பிறழ்வு நம்பிக்கை கொண்டவரைக் காவல் நிலையத்தில் எத்தனை முறை மிரட்டினாலும், அதைக்கூடக் காதலுக்கு வந்த சோதனையாகவே எடுத்துக்கொள்வார். அவருக்கு மனநல மருத்துவர் வேண்டும். பழகத் தெரியாமல் நச்சரிப்பவர் ஒரு கண்டிப்பான எச்சரிக்கையில் அந்தப் பெண்ணை விட்டுவிடக்கூடும். ஆனால் அடுத்த ஆண்டு வேறொருவரைப் பின்தொடரத் தொடங்குவார். பிரிந்துபோன கணவரோ காதலரோ பின்தொடர்ந்தால், வன்முறை வாய்ப்பு மற்ற வகைகளைவிட அதிகம் என்று கருதியே வேலையைத் தொடங்க வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவியின் தாய், மதுரை): அம்மா, பையனின் பெற்றோரை அழைத்துப் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள். மகளும் கடைசியாக ஒருமுறை அவனிடம் பேசிப் புரியவைக்கிறேன் என்கிறாள். சம்மதிக்கலாமா?

பதில்: அந்தக் கடைசிச் சந்திப்புக்குத் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள் அம்மா. மறுப்பை ஒரே ஒரு முறை, காரணம் சேர்க்காமல், முடிந்தால் எழுத்தில் சொல்லட்டும்: “எனக்கு உங்களோடு எந்தத் தொடர்பும் வேண்டாம். இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்.” நம் பிள்ளைகள் மனம் நோகக்கூடாதென்று காரணம் சேர்த்துச் சொல்வார்கள். “படிப்பு முடியட்டும்” என்றால் மூன்றாண்டு காத்திருந்தால் போதும் என்று அவனுக்குக் கேட்கும். “வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்” என்றால் தடையாக இருப்பது நீங்கள்தான் என்று கேட்கும். என்னிடம் வந்த ஒரு பெண் 28 அழைப்புகளை எடுக்காமல் இருந்துவிட்டு, 29ஆவதை எடுத்து, “ஏன் இப்படிச் செய்கிறாய்?” என்று அழுதாள். அவள் அழுததை அவன் பொருட்படுத்தவில்லை. 29 முறை அழைத்தால் அவள் குரலைக் கேட்கலாம் என்பதை மட்டும் கற்றுக்கொண்டான். மறுவாரம் அழைப்புகள் இரு மடங்காயின.

பெற்றோரைச் சந்திப்பது எப்போதும் தவறென்று சொல்லமாட்டேன். அவர்கள் பொறுப்பானவர்களாக இருந்து, அவனுக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்தால் நல்லது. ஆனால் அந்தப் பேச்சில் உங்கள் மகள் உட்காரக்கூடாது. சாதியும் மானமும் இழுக்கப்பட்டு அவன் ஊர் முன்னால் தலைகுனியும்படியும் ஆகக்கூடாது, ஏனென்றால் அவமானம் மனக்குறையைப் பகையாக மாற்றிவிடும். அவசரமாக வரன் பார்ப்பதையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். நிச்சயதார்த்தச் செய்தி அவனை எட்டும் நாள் கூடுதல் காவல் தேவைப்படும் நாள். அவள் படிப்பை நிறுத்திவிடவும் வேண்டாம். கல்லூரி முதல்வரிடமும் வாயில் காவலரிடமும் அவனுடைய படத்தைக் கொடுத்து வையுங்கள்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், ஓசூர்): தானாக ஓய்ந்துவிடும் என்று எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

பதில்: இரண்டு வாரம். அதற்கு மேல் நீடிக்கும் தொல்லை மாதக்கணக்கில் தொடரும் வாய்ப்பு அதிகம் என்று 2004இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. மிரட்டலோ வீட்டுக்குள் நுழைய முயன்றதோ இருந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

கேள்வி (ஆசிரியை, தஞ்சாவூர்): “கொன்றுவிடுவேன்” என்கிறார். குரைக்கிற நாய் கடிக்காது என்று ஆறுதல் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இந்தப் பழமொழியை நம்பாதீர்கள். முன்பு நெருங்கிய உறவில் இருந்தவர் விடுக்கும் மிரட்டல், பின்னர் நடக்கும் வன்முறையோடு வலுவாகத் தொடர்புடையது. அதனினும் அதிகமாக நான் அஞ்சுவது நம்பிக்கை முற்றிலும் இழந்த பேச்சுக்குத்தான். “நீ இல்லாவிட்டால் நான் இல்லை”, “இனி எனக்கு இழக்க எதுவும் இல்லை” என்ற சொற்களை வசனம் என்று தள்ளிவிடாதீர்கள். தற்கொலை எண்ணமும் கொலை எண்ணமும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருப்பவை. ஆயுதமோ அமிலமோ வாங்கியது, வண்டியைச் சேதப்படுத்தியது, தொலைவிலிருந்து தொல்லை தந்தவர் நேரில் வரத் தொடங்கியது, குடி கூடியது ஆகியவை தெரிந்தால் அன்றே 112ஐ அழையுங்கள். 2016 ஜூனில் நுங்கம்பாக்கத்திலும் 2022 அக்டோபரில் பரங்கிமலையிலும் இளம்பெண்கள் கொல்லப்பட்டது ரயில் நிலைய நடைமேடையில், பட்டப்பகலில். அன்றாடம் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போகும் வழக்கத்தைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறோம்.

கேள்வி (காவல் உதவி ஆய்வாளர்): வழக்கு வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்பதால் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கி அனுப்பிவிடுகிறோம். அதன்பின் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: அவர் நிலையத்தைவிட்டு வெளியேறும் முன், எத்தனை மணிக்கு வெளியேறுகிறார் என்பதை அந்தப் பெண்ணுக்குத் தெரிவியுங்கள். அடுத்த சில நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதை ஒருவர் பொறுப்பாகக் கேட்டறியட்டும். புகார் கொடுத்ததால் ஆத்திரம் கூடியிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாவது புகாரை முதல் புகாரோடு சேர்த்துப் படியுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிதாகவே தோன்றும். 2013இல் தனிக் குற்றமாகி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவாக உள்ள இக்குற்றத்துக்கு, அச்சட்டம் நடைமுறைக்கு வந்த வடிவில், முதல் முறை 3 ஆண்டு வரையும் மறுமுறை 5 ஆண்டு வரையும் சிறை உண்டு. முதல் குற்றத்துக்கு ஜாமீன் எளிது. எனவே ஜாமீன் கிடைக்கும் நாளுக்கான பாதுகாப்புத் திட்டத்தைக் கைது செய்யும் நாளிலேயே எழுதிவிடுவது நல்லது.

கேள்வி (வங்கி ஊழியர், திருச்சி): நான் ஆண். நிச்சயம் முறிந்தபின் அந்தப் பெண் என்னைப் பின்தொடர்கிறார். சொன்னால் சிரிக்கிறார்கள்.

பதில்: நான் சிரிக்க மாட்டேன். 78ஆம் பிரிவு பெண்ணைப் பின்தொடரும் ஆணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஆனால் குற்றமுறு மிரட்டலுக்கான 351ஆம் பிரிவு இருபாலருக்கும் பொதுவானது, உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையும் கேட்கலாம். மதிப்பீட்டு முறையில் எந்த வேறுபாடும் இல்லை.

கேள்வி (ஆய்வு மாணவி, சென்னை): அவன் எண்ணை முடக்கிவிட்டேன், அவன் அனுப்பிய செய்திகளையும் அழித்துவிட்டேன். சரிதானே?

பதில்: அழித்ததுதான் இழப்பு. இனி வருபவற்றை அப்படியே வைத்திருங்கள். நீங்கள் வேறு எண் வைத்துக்கொண்டு, அவனுக்குத் தெரிந்த உங்கள் பழைய எண்ணை வீட்டில் ஒரு கைபேசியில் போட்டு, வேறொருவர் தினமும் ஒருமுறை பார்க்கட்டும். நீங்கள் படிக்கவே வேண்டாம். ஒரு குறிப்பேட்டில் இப்படி எழுதுங்கள்: “மார்ச் 4, செவ்வாய், மாலை 6.10. விடுதி எதிரே தேநீர்க் கடை. நீலச் சட்டை. பேசவில்லை, 20 நிமிடம் நின்றான். அறைத்தோழியும் பார்த்தாள்.” இத்தகைய நாற்பது வரிகளிலிருந்து வேகம் கூடுவதை என்னால் கண்டுபிடிக்க முடியும், “எப்போதும் தொல்லை தருகிறான்” என்ற வாக்கியத்திலிருந்து முடியாது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் எவை, கூகுள் கணக்கில் இருப்பிடம் யாருடன் பகிரப்படுகிறது என்பவற்றையும் பாருங்கள். இணையவழித் தொல்லைக்கு 1930, பெண்கள் உதவிக்கு 181.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): தொல்லை தருவது என் தம்பி. அவனை எப்படி நிறுத்துவது?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முதலில், அவனுக்காக நீங்கள் தூது போகாதீர்கள். அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்ற செய்தி எதையும் உங்கள் வீட்டில் யாரும் அவனுக்குச் சொல்லவும் வேண்டாம். சாப்பாடு, தூக்கம், குடி, சாவைப் பற்றிய பேச்சு ஆகிய நான்கையும் கவனியுங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். அங்கிருந்து தொடங்கி அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். “உனக்குப் பைத்தியம்” என்று சொல்லி அழைக்காதீர்கள். “நீ தூங்கி எத்தனை நாளாயிற்று, வா, டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோம்” என்றால் பெரும்பாலும் வருவார்கள். அவளுக்கோ அவனுக்கோ உயிராபத்து என்று தோன்றினால், தம்பி என்று தயங்காமல் காவல்துறைக்குச் சொல்லிவிடுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பெண் வசிக்கும் தெரு வழியாகப் போகவேண்டாம். சுற்றுவழியானாலும் வேறு பாதையில் போங்கள்.