திருகோணமலைக்கு ஒரு பல்துறைக் கலை மையம் சரிவருமா?

கேள்வி இதுதான்: "வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கலையையும் விஞ்ஞானத்தையும் ஒன்றாக்கி மையங்கள் நடத்துகிறார்களே, அதனால் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா? கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் மாதிரி ஓர் இடத்தில் அது சரிவருமா?"

நடக்கிறது. இங்கேயும் சரிவரும். ஆனால் கட்டடத்தில் தொடங்கினால் வராது, ஆளில் தொடங்க வேண்டும். நான் உப்புவெளிக்காரன். தொழில் ஒலிப்பதிவு. பல்கலைக்கழக ஆட்களோடு சேர்ந்து சில வேலைகள் செய்திருக்கிறேன். அந்த அளவில்தான் இந்தப் பதில்.

என் தொழிலோடு ஒட்டிய கதை ஒன்று அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஜான் சவுனிங் அங்கே இசை படித்தவர், இசையமைப்பாளர். எந்திரம் செய்கிற ஆள் இல்லை. 1960களில் அங்கிருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தின் கணினியில் அவரை வேலைசெய்ய விட்டார்கள். ஓர் ஒலியலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் வேகமாக ஆட்டினால் மணி, பித்தளை வாத்தியம் மாதிரிப் புதுப்புது ஒலிகள் பிறக்கின்றன என்று 1967இல் கண்டுபிடித்தார். கணக்கு போட்டுக் கண்டதில்லை, காதால் கேட்டுக் கண்டது. அதற்குக் கணக்கு பிறகுதான் வந்தது. யமஹா நிறுவனம் அந்தக் கண்டுபிடிப்பைப் பயன்படுத்தும் உரிமத்தை வாங்கி 1983இல் டிஎக்ஸ்7 கீபோர்டை விட்டது. எண்பதுகளின் பாட்டுகளில் உலகம் முழுக்க ஒலித்த கணீரென்ற மின்பியானோ ஒலி அதிலிருந்து வந்ததுதான். ஸ்டான்போர்டுக்கு நிறையக் காசு சம்பாதித்துக் கொடுத்த காப்புரிமைகளில் அதுவும் ஒன்று. கணினி இசைக்கென்று அங்கே மையம் வந்தது 1975இல், கண்டுபிடிப்புக்கு எட்டு வருடம் கழித்து. முதலில் ஆள், அப்புறம்தான் பெயர்ப்பலகை.

அமெரிக்காவிலேயே வெஸ்லியன் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. 1960களில் மிருதங்க வித்துவான் டி. ரங்கநாதனை அமெரிக்காவுக்கு அழைத்து, வளாகத்திலேயே தங்கிச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். அவருடைய அக்கா, பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும், தம்பி புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்கே கற்பித்திருக்கிறார்கள். வித்துவானைச் சால்வை போர்த்தி அனுப்பிவிடாமல், சம்பளம் கொடுத்து ஆசிரியராக வைத்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் சால்வைக்குக் குறைச்சலே இல்லை.

நமக்கும் இது புதிதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சரச்சந்திர 1956இல் 'நாடகம' என்ற சிங்களக் கூத்து மரபை எடுத்து 'மனமே' என்ற நாடகத்தைச் செய்தார். அறுபதுகளில் அதே பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் (கூத்துப் பழக்கும் ஆசான்களின்) கூத்தை எடுத்து, மாணவர்களை ஆடவைத்து, 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' என்று மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையில் வைத்தது சரியா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்து சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்புச் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்று செய்தது அதற்கு எதிர்த்திசை: கூத்தை வளாகத்துக்குக் கொண்டுவராமல், ஊர்க்களரியிலேயே (ஊரில் கூத்தாடும் வட்ட வெளியிலேயே) ஊராரோடு பேசிப் பேசி மாற்றுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் முதலாவது நடந்திருக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் யாரும் கூத்தைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

திருகோணமலைக்காரருக்கு இதைவிட நெருக்கமானவர் சுவாமி விபுலாநந்தர். நம்ம இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. பிறகு அண்ணாமலையிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் வெளிவந்த 'யாழ்நூல்' சிலப்பதிகார வரிகளையும் யாழ் நரம்புகளின் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துச் செய்த ஆராய்ச்சி. இன்றைக்கு அப்படியோர் ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் எழுதி ஒரு குழுவிடம் கொடுத்தால், இது தமிழ்த் துறைக்கா, பௌதிகத்துக்கா, இசைக்கா என்று கேட்டே ஒரு வருடம் போய்விடும்.

சரி, இங்கே சிக்கல் எங்கே? என் அனுபவத்தில் வவுச்சரில், அதாவது காசு கொடுக்கிற படிவத்தில். பெயர் வேண்டாம், ஒரு பல்கலைக்கழகத் திட்டத்துக்காக வயதான அண்ணாவியார் ஒருவரைப் பதிவுசெய்தோம். கொடுப்பனவுப் படிவத்தில் கல்வித் தகைமைக்கு ஒரு கட்டம். பட்டம் இருந்தால் மணிக்கு ஒரு தொகை, முதுமாணி என்றால் இன்னொன்று. அண்ணாவியாருக்கு எந்தக் கட்டமும் இல்லை. அவரிடம் பழகிய மாணவனுக்குப் பட்டம் இருந்ததால் அவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. "தம்பி, நான் அவன்ட பேரில கையெழுத்து வைக்கட்டா?" என்று கேட்டார் அவர். பகிடிதான், ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் காசு போக்குவரத்துச் செலவு என்ற தலைப்பில்தான் வந்தது, அதுவும் பிந்தி.

அடுத்தது காலம். கூத்துக்குச் சட்டம் கொடுத்து (ஆளாளுக்குப் பாத்திரம் பிரித்து), பழகி, சலங்கை கட்டி, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை பார்த்து), அரங்கேற்றம் வரை போக மாதக்கணக்கு வேண்டும். செமஸ்டரோ பதினைந்து கிழமை. நடுவில் ஒரு பகிஷ்கரிப்பு வந்தால் அதுவும் இல்லை. செமஸ்டருக்குள் கூத்தை அடக்கப் பார்ப்பதைவிட, மாணவர்கள் இரண்டு மூன்று தொகுதியாக வந்துபோக, வேலை தன் பாட்டில் தொடர விடலாம்.

திருகோணமலையில் நான் தொடங்கினால் கரைவலையில், அதாவது கடலில் வளைத்துப் போட்டுக் கரையில் நின்று இழுக்கிற வலையில், தொடங்குவேன். நிலாவெளிப் பாதையில் கோணேசபுரி வளாகத்துக்குப் பக்கத்திலேயே கடல். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் கயிற்றை இழுப்பதற்காகப் பிறந்தது. பிற்காலத்தில் பல இடங்களில் ட்ராக்டர் வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் எந்திரம்) இழுக்கத் தொடங்கியது. வின்சுக்குப் பாட்டுத் தேவையில்லை. வின்சால் மீன்வளம் கெடுகிறது என்ற வாதம் ஒரு பக்கம், கையால் இழுக்க ஆள் கிடைக்கவில்லை என்ற பதில் மறுபக்கம். இந்த ஒரு விஷயத்துக்குள் வளாகத்தின் எத்தனை பிரிவுக்கு வேலை இருக்கிறது பாருங்கள். மொழி, தொடர்பாடல் மாணவர்கள் சொற்களைச் சேர்க்கலாம். கணினிப் பிள்ளைகள் பதிவுகளை ஒழுங்குபடுத்தித் தேடக்கூடியதாக்கலாம். சித்த மருத்துவக்காரர் தோளும் முதுகும் என்னாகின்றன என்று பார்க்கலாம். மேற்குக் கரையிலிருந்து பருவத்துக்கு வந்துபோகிற சிங்கள மீனவர்களையும் விட்டுவிட முடியாது. இசைக்கும் நாடகத்துக்கும் வெளிநாடு போக வேண்டாம். மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அதுவும் இதே கிழக்குப் பல்கலைக்கழகம்தான். தன் வீட்டு அறைகளுக்குள் கதவு திறக்காமல் தூரத்து நாட்டோடு புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதிப் படம் எடுப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

உடன்படிக்கை எழுதத்தான் வேண்டுமென்றால், அதைச் சம்மாட்டியோடும் (வலையின் முதலாளியோடும்) வலை இழுக்கிறவர்களோடும் எழுதட்டும். பாட்டின் பதிவு யாருக்குச் சொந்தம், ஒரு பிரதி ஊரில் எங்கே இருக்கும், யாராவது அதைப் படத்துக்கோ விளம்பரத்துக்கோ கேட்டால் காசு யாருக்குப் போகும், பாடியவர் பிறகு வேண்டாமென்றால் எடுத்துவிடுவார்களா? இந்த நாலும் தமிழில், வாசித்துக் காட்டக்கூடிய ஒரு பக்கத்தில் இருந்தால் போதும்.

செலவு பெரிதாக வராது. ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு நல்ல மைக், காற்றுக்கு உறை (கடற்கரையில் இது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது), வன்தட்டு, ஒரு அறை, ஒரு முழுநேர ஆள். பல்கலைக்கழகத்தின் மூதவைக்கு (செனட்டுக்கு) முதலில் கொண்டுபோக வேண்டிய பத்திரம் கட்டட வரைபடம் இல்லை. மரபுக் கலைஞருக்குப் பட்டம் கேட்காமல் விரிவுரையாளருக்குச் சமமான கொடுப்பனவு தரலாம் என்ற ஒரு பக்கத் தீர்மானம்தான். அது நிறைவேறினால் அடுத்த கிழமையே நான் மைக்கோடு வரத் தயார்.