ரெக்கார்டு செட்டுல ரெண்டாவது மூணாவது இசைத்தட்டு மட்டும் கரகரன்னு கேக்குதா, டூப்ளிகேட்டோன்னு சந்தேகமா

டூப்ளிகேட் இல்ல ப்ரோ, கடைக்குத் திருப்பி எடுத்துட்டுப் போவாதீங்க. நீங்க வாங்குனது லெட் செப்பெலின்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டு மொத ஆல்பத்தோட 2014 டீலக்ஸ், மூணு தட்டு செட்டு. அதுல மொத தட்டு மட்டும்தான் 1969 ஸ்டூடியோ ஆல்பம், பேண்டோட கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் கூட இருந்து ரீமாஸ்டர் பண்ணது, அதாவது பழைய ரெக்கார்டிங்க எடுத்து சத்தத்த மெருகேத்துனது. மத்த ரெண்டும் 1969 அக்டோபர் 10ஆம் தேதி பாரிஸ் ஒலிம்பியா அரங்கத்துல வாசிச்ச கச்சேரி, ரேடியோவுக்காக எடுத்தது, அதுல ஸ்டூடியோ சுத்தம் எங்க கெடைக்கும், ஆனா டிரம்ஸ் அடி நெஞ்சுல வந்து விழும் பாருங்க, எனக்கு அதுதான் ஸ்டூடியோவ விட புடிக்கும்.

சந்தேகமா இருந்தா ஒன்னு பண்ணுங்க. "டேஸ்ட் அண்ட் கன்ஃபியூஸ்ட்" பாட்டு ஸ்டூடியோல ஆறரை நிமிசம், கச்சேரில பதினஞ்சு கிட்ட ஓடும். மொத தட்டுல அத போட்டுக் கேளுங்க. அங்க சுத்தமா இருந்தா உங்க பிளேயர் ஊசி மேல தப்பில்ல. அங்கயும் "ஸ்" சத்தம் பிசிறடிச்சா ஊசி முனைல தூசி, சின்ன பிரஷ்ஷால பின்னாலேர்ந்து முன்னால மெதுவா தட்டி விடுங்க, வெரலால தொடாதீங்க. நான் ஒருவாட்டி வெரலால தொடச்சு ஊசிய வளச்சுட்டேன், நூத்திருவது ரிங்கிட் போச்சு.

ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே எடத்துல டக் டக்னு குதிச்சா அது கீறல், அப்ப மட்டும் ரிசிட்டோட போங்க. அப்புறம் நம்ம கோலாலம்பூர் புழுக்கத்துக்கு பேப்பர் கவர்ல பூஞ்சை புடிக்கும், உள்கவர மாத்திருங்க.